திருவுளச் சீட்டை மூன்றாவது தடவை ஏன் போட்டீர்கள்?

கேள்வி: பெரம்பூரில் இருக்கிறேன், வயது 36. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. பதவி உயர்வோடு பெங்களூருவுக்கு மாற்றல் தருகிறார்கள். அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். தம்பி பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறான். எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் செபக் குழு) சிலர் "ஆண்டவர் என்கிட்ட பேசினார்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுமே கேட்பதில்லை. மாதா படத்துக்கு முன்னால் மூன்று தடவை திருவுளச் சீட்டு போட்டேன். முதலில் 'போ', அடுத்து 'போகாதே', மறுபடி 'போ'. கடவுளின் குரலை எப்படித்தான் தெரிந்துகொள்வது? மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பதில்: சீட்டிலிருந்தே ஆரம்பிப்போம். முதல் சீட்டிலேயே 'போ' என்று வந்துவிட்டது. பிறகும் இரண்டு தடவை போட்டிருக்கிறீர்கள் என்றால், சீட்டை நீங்களே நம்பவில்லை. அது நல்லதுதான். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர்களும் சீட்டுக் குலுக்கினார்கள், உண்மை. ஆனால் அது பெந்தக்கோஸ்துக்கு முன்பு. தூய ஆவி வந்த பிறகு, பெரிய சிக்கல் ஒன்று எழுந்தபோது, எருசலேமில் கூடிப் பேசினார்கள், விவாதித்தார்கள், பிறகு "தூய ஆவியாரும் நாங்களும் தீர்மானித்தோம்" என்று கடிதம் எழுதினார்கள். அந்த 'நாங்களும்' எனக்கு மிகவும் பிடித்த சொல். உங்கள் புத்தியையும் நிதானத்தையும் வெளியே நிறுத்திவிட்டுக் கடவுள் பேசுவதில்லை. புத்தாண்டு இரவில் எடுக்கும், பைபிள் வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைக்கும், கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரல் வைப்பதற்கும் இதே பதில்தான்.

காதில் ஒன்றும் கேட்கவில்லை என்பது குறையே இல்லை. அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் போகும் ரயிலில், ஏழைகளுக்குச் சேவை செய்யக் கடவுளின் அழைப்பைப் பெற்றார். உடனே மடத்தை விட்டுக் கிளம்பிவிட்டாரா? இல்லை. ஆன்ம குருவிடம் சொன்னார், பேராயரிடம் சொன்னார், அனுமதிக்குக் காத்திருந்தார். வெளியே காலடி வைத்தது 1948 ஆகஸ்டில். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அவர் உள்ளத்தில் இருட்டும் மௌனமும்தான் இருந்தன என்பது 2007இல் வெளியான அவருடைய கடிதங்களில் தெரிந்தது. ஒரு தடவை தெளிவாகக் கேட்டவருக்கே அப்படி. அன்பியத்தில் பேசுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. மனதில் பட்ட ஒரு நல்ல எண்ணத்தைத்தான் பலர் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் "ஆண்டவர் உனக்கு இதைச் சொல்லச் சொன்னார்" என்று வேறொருவர் உங்கள் முடிவை எடுக்க வந்தால், நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அப்படியானால் எதைக் கவனிப்பது? நமக்கு லயோலா என்றால் நுங்கம்பாக்கம் கல்லூரி. அந்த ஊர்க்காரர், இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியார், 1521இல் பாம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிப் படுத்த படுக்கையானார். பொழுது போக வீரதீரக் கதைப் புத்தகங்கள் கேட்டார்; வீட்டில் இருந்தவையோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் வரலாறும். படிக்காத நேரத்தில் பகற்கனவு. சீமாட்டி ஒருத்திக்காகச் சாகசம் செய்வதாக நினைத்தால் அந்த நேரத்தில் இனிக்கும், பிறகு மனசு காய்ந்துபோகும். புனிதர்களைப் போல வாழ்வதாக நினைத்தால் அப்போதும் இனிக்கும், பிறகும் அந்த நிறைவு போகாது. இந்த வித்தியாசத்தை அவர் கவனித்ததுதான், இன்று 'தெளிந்து தேர்தல்' என்று நாம் சொல்வதற்கு வித்து. நெல்லிக்காய் தின்ற பிறகு தண்ணீர் குடித்தால் தெரியுமே, அந்த மாதிரி, பின்ருசியைப் பாருங்கள்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஐந்து நாள், பெங்களூரு போவதென்று முடிவாகிவிட்டதாகவே நினைத்து வாழுங்கள். அடுத்த ஐந்து நாள், இங்கேயே இருப்பதாக. யாரிடமும் சொல்ல வேண்டாம். கம்பெனி பஸ்ஸில் போகும்போது காதில் ஹெட்போன் வேண்டாம். இரவு படுக்கும் முன் பத்து நிமிடம் அன்றைய நாளை ஆண்டவரோடு சேர்ந்து பின்னோக்கிப் பாருங்கள். நன்றி சொல்ல என்ன இருந்தது, எங்கே மனசு விரிந்தது, எங்கே சுருங்கியது. பாவசங்கீர்த்தனத்துக்கு முன் செய்யும் ஆத்தும சோதனை போலப் பாவக் கணக்கு எடுப்பதல்ல இது. ஒரு நோட்டில் இரண்டு வரி எழுதி வையுங்கள். முதல் நாள் துள்ளலை நம்பாதீர்கள். நான்காம் நாள் என்ன மிச்சம் இருக்கிறது என்பதுதான் கேள்வி. அம்மாவுக்கு டயாலிசிஸ் முடிந்து, நீங்களும் களைத்துப்போய், செபமே வராத இரவுகள் இருக்கும். அந்த இரவில் எந்த முடிவும் எடுக்கக்கூடாது, எடுத்த முடிவை மாற்றவும் கூடாது. இதுவும் இஞ்ஞாசியார் சொன்னதுதான்.

அம்மா விஷயத்தில் ஒன்று. பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் 'கொர்பான்', அதாவது இது கடவுளுக்கு நேர்ந்தது, என்று தப்பித்தவர்களை இயேசு கடிந்துகொண்டார். கட்டளைக்கு எதிராகக் கடவுள் பேச மாட்டார். அதற்காக 'போகாதே' என்பதுதான் விடை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடுதல் சம்பளம் அம்மாவின் சிகிச்சைக்கே தேவைப்படலாம். தம்பி சொல்வது எவ்வளவு தூரம் நடக்கும் என்று அவரோடு உட்கார்ந்து, எந்தக் கிழமை யார் என்று எழுதிப் பாருங்கள். அம்மாவிடமே கேட்டீர்களா? உங்கள் கடிதத்தில் அம்மா பேசவே இல்லை.

எழுதியதை எடுத்துக்கொண்டு உங்களை நன்றாகத் தெரிந்த ஒரு ஃபாதரையோ சிஸ்டரையோ பாருங்கள். பைபிளில் சிறுவன் சாமுவேலுக்குக்கூட, கூப்பிடுவது ஆண்டவர் என்று குரு ஏலி சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் பங்குக் கோயிலில் அப்படி யாரும் அமையவில்லை என்றால், மந்தைவெளியில் இயேசு சபையினரின் தியான ஆசிரமம் இருக்கிறது.

கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வேறு வாசகர்களுக்கு உதவும். உண்மையிலேயே காதில் குரல் கேட்டு, அது மிரட்டினாலோ, உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னாலோ, முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள். கீழ்ப்பாக்கம் என்றால் கேலி செய்யும் ஊர் இது. கேலிக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம்.

மாத முடிவு என்பது கம்பெனி வைத்த கெடு. ஒரு வாரம் கூடுதலாகக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் தருவார்கள். தராவிட்டாலும் பத்து நாள் போதும். மாதா படத்துக்கு முன்னால் அந்த மூன்று சீட்டும் இன்னும் இருந்தால் எடுத்துவிட்டு, அங்கே அந்த நோட்டை வையுங்கள்.