மகனை அடுத்த ஃபார்முலா 4 சீசனில் இறக்கலாமா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "மகன் பத்தாம் வகுப்பு. ஜனவரியில் 15 வயது முடிகிறது. கோயம்புத்தூரில் அவன் அத்தை வீடு இருப்பதால் இரண்டு வருடமாக ஒவ்வொரு லீவுக்கும் அங்கே போய் கார்ட்டிங், அதாவது சின்னப் பந்தய வண்டி, ஓட்டுகிறான். வரப்போகிற ஃபார்முலா 4 சீசனில் ஓட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அவன் அப்பா மஸ்கட்டில். முடிவு என் தலையில். ஒரு டீமிலிருந்து போன் செய்து, சீட் இருக்கிறது, முன்பணம் கட்டுங்கள் என்கிறார்கள். கட்டலாமா?"

இப்போதைக்குக் கட்டாதீர்கள். பையனைத் தடுக்கவும் வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்கை வேறு இடத்தில் செலவழித்தால் அவன் நன்றாக ஓட்டக் கற்றுக்கொள்வான். எங்கே என்று சொல்வதற்கு முன்னால், போனில் பேசியவர்கள் எந்த ஃபார்முலா 4-ஐச் சொன்னார்கள் என்று கேட்டீர்களா? ஃபார்முலா 4 என்றால் கார்ட்டிங்கிலிருந்து மேலே ஏறுகிறவர்களுக்கான ஒற்றை இருக்கைக் கார் பந்தயம். அந்தப் பெயரில் நம் ஊரில் இரண்டு பந்தயங்கள் நடக்கின்றன.

ஒன்று, ஃபார்முலா 4 இந்தியன் சாம்பியன்ஷிப். உலக அமைப்பான எஃப்ஐஏவின் அங்கீகாரத்தோடு 2023-ல் தொடங்கியது. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் நடந்ததே, அது இதன் சுற்றுதான். பிரான்சின் மைகேல் கம்பெனி செய்த கார், ஆல்பைன் டர்போ எஞ்சின், எல்லாருக்கும் ஒரே வண்டி. முதல் வருடப் பட்டத்தை ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டர் கொண்டுபோனார்.

இன்னொன்று, எல்ஜிபி ஃபார்முலா 4. எல்ஜிபி என்பது கோவைக் கம்பெனி, இது கோவைச் சரக்கு. மாருதி எஞ்சின் போட்ட ஒற்றை இருக்கை வண்டி. ஜேகே டயர் தேசியப் போட்டியில் ஒரு பிரிவாக, பெரும்பாலும் செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும். அந்தக் 'கரி', எஸ். கரிவரதன். மாருதி 800 எஞ்சினை எடுத்துப் பந்தய வண்டி கட்டி, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையும் எட்டிப்பார்க்கிற விலைக்குக் கொண்டுவந்த மனிதர். 2005-ல் ஃபார்முலா 1 ஓட்டிய நாராயண் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் அந்த மாருதி வண்டியில் பழகியவர்தான்.

உங்கள் மகன் கேட்பது முதல் வண்டி. நான் சொல்வது இரண்டாவது. அதிலும் முதல் வருடம் ஜேகே டயர் நோவிஸ் கப். புதிதாக வருகிறவர்களுக்கென்றே அதே எல்ஜிபி வண்டியில் நடத்துகிறார்கள். தம்பி முகம் சுளிப்பான், சுளிக்கட்டும்.

வயது பிரச்சினை இல்லை. எஃப்ஐஏ ஃபார்முலா 4-க்கு 15 முடிந்திருந்தால் போதும். பிரச்சினை கால் பாதத்தில் இருக்கிறது. அவன் ஓட்டும் கார்ட்டில் பிரேக் பின்சக்கரத்துக்கு மட்டும்தான் உண்டு. கொஞ்சம் முரட்டுத்தனமாக மிதித்தால் பின்பக்கம் சுற்றிவிடும். அதனால் கார்ட் பிள்ளைகள் எல்லாரும் பிரேக்கை மெதுவாக, பார்த்துப் பார்த்து மிதித்துப் பழகியிருப்பார்கள். ஃபார்முலா காரில் நாலு சக்கரத்துக்கும் பிரேக். முதல் நொடியிலேயே முழு பலத்தோடு ஓங்கி மிதித்து, பிறகு வண்டி வளைவுக்குள் திரும்புகிற அளவுக்குக் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். பிரேக்கை எவ்வளவு அழுத்துகிறான் என்பதைக் கம்ப்யூட்டர் வரைபடத்தில் பார்த்தால், தேறியவனுடைய கோடு தென்னைமரம்போல நட்டமாக ஏறி, மெல்லச் சரிந்து இறங்கும். புதுப்பையனுடையது மணல்மேடு மாதிரி ஏறி மணல்மேடு மாதிரியே இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் அங்கேதான் நேரம் போகிறது. இது புத்திக்கு ஐந்து நிமிடத்தில் புரியும், காலுக்குப் புரிய நாள்கணக்காகும். போட்டி வார இறுதியில் பயிற்சி ஓட்டம் கொஞ்ச நேரம்தான். வெளிநாட்டுப் பையன்கள் இதையெல்லாம் முடித்துவிட்டு வந்து நிற்பார்கள். அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம் என்றால் ரொம்பக் காஸ்ட்லியான டியூஷன் அது.

காற்று இன்னொரு பாடம். காற்றாலைகள் நிற்கிற முப்பந்தல் பக்கம் ஆடி மாதத்தில் பைக்கில் போயிருப்பீர்கள். பக்கத்தில் லாரி வந்து காற்றை மறைத்ததும் வண்டி லேசாகும், லாரி விலகினதும் ஒரு தள்ளு தள்ளும். இறக்கை வைத்த பந்தயக் காருக்கும் இதே கதை. முன்னால் போகிற கார் காற்றைக் கலைத்துவிட்டால், பின்னால் வருகிற காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும் காற்று குறைந்துபோகும், வளைவில் வண்டி வெளியே வழுக்கும். பையனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வான்.

சரி, பணம். தொகை எவ்வளவு என்பதைவிட அதில் என்னென்ன அடங்கும் என்பதுதான் கேள்வி. சோதனை ஓட்டம் எத்தனை நாள், புது டயர் எத்தனை செட், டேட்டா பார்த்துச் சொல்ல என்ஜினியர் உண்டா, அப்புறம் வண்டி இடித்தால் யார் கட்டுவது. கடைசிக் கேள்விதான் குடும்பங்களைக் கவிழ்க்கிறது. நெருக்கமான முதல் வளைவில் முன்னால் போகிறவனின் சக்கரத்தில் லேசாக உரசினாலே முன்இறக்கை போய்விடும், தப்பு யாருடையதாக இருந்தாலும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், பெயர் வேண்டாம், "எல்லாம் சேர்த்துத்தான்" என்ற வாய்ப்பேச்சை நம்பிக் கட்டியது. சீசனின் இரண்டாவது போட்டி முடிந்ததும் இடிபாட்டுக்குத் தனி பில் வந்தது. அந்த வீட்டு மனிதர், டீம்கள் வண்டி நிறுத்திப் பார்க்கும் பிட் பகுதிச் சுவரில் உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுத்தில் தராத டீமுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

"இதில் ஜெயித்தால் ஃபார்முலா 1" என்று போனில் சொல்லியிருப்பார்களே? ஃபார்முலா 1 ஓட்ட சூப்பர் லைசென்ஸ் வேண்டும், அதற்குக் கீழ்மட்டப் போட்டிகளில் சேர்த்த 40 புள்ளி வேண்டும். எஃப்ஐஏ ஃபார்முலா 4 பட்டத்தையே வென்றாலும் 12-தான். மீதிக்கு ஐரோப்பாவில் பல வருடம் ஓட வேண்டும். எல்ஜிபியில் அந்தப் புள்ளியே கிடையாது. பரவாயில்லை, இப்போது அவனுக்கு வேண்டியது புள்ளியில்லை, ஓட்டப் பழக்கம்.

போட்டி லைசென்ஸை எஃப்எம்எஸ்சிஐ என்ற தேசியக் கூட்டமைப்பு கொடுக்கிறது. மருத்துவச் சான்று, பெற்றோர் சம்மதம் இரண்டும் கேட்பார்கள். ஆர்டிஓ லைசென்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதனால்தான் 15 வயதுப் பையன் டிராக்கில் ஓட்ட முடிகிறது, ரோட்டில் முடியாது. நாலுவழிச்சாலை காலியாகக் கிடக்கிறதே, விடியற்காலையில் வீட்டுக் காரை எடுத்துப் பழகட்டும் என்று எந்த மாமாவாவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 199ஏ பிரிவு இருக்கிறது. வண்டி ஓட்டியது சிறுவன் என்றால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை சிறை. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

ஹெல்மெட் வாங்கும் அவசரமும் வேண்டாம். கார்ட்டிங் ஹெல்மெட்டின் உள்துணி தீயைத் தாங்கும் வகை அல்ல. கார்ட் உடையும் தரையில் உரசினால் தோலைக் காப்பாற்றத்தான், தீக்கு அல்ல. ஃபார்முலா காருக்கு எஃப்ஐஏ 8859 முத்திரை போட்ட ஹெல்மெட், 8856 போட்ட உடை, கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் எல்லாம் தனி. வளரும் பையன், இப்போது வாங்கினால் அடுத்த வருடம் தோள் இறுகும். முதலில் டீமிடம் இரவல் கேளுங்கள்.

தேதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. இங்கே சீசன் வருடத்தின் பின்பாதியில்தான் சூடுபிடிக்கும். அறிவித்த தேதியும் நகரும். 2023 டிசம்பரில் நடக்கவேண்டிய சென்னைத் தெருப்பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் மறு ஆகஸ்டில்தான் நடந்தது. திரும்பத் தராத டிக்கெட் எடுக்காதீர்கள். பொதுத்தேர்வு முடிகிற வரைக்கும் டிராக் பக்கம் போகவேண்டாம், வீட்டிலேயே கழுத்துக்கும் தோளுக்கும் பயிற்சி செய்யட்டும். தேர்வு முடிந்ததும் நாகர்கோவிலிலிருந்து கோவைக்கு ராத்திரி ரயில் இருக்கிறது, அத்தை வீடும் இருக்கிறது. ஏப்ரல், மே முழுக்க செட்டிப்பாளையத்தில் எத்தனை நாள் ஓட்டக் கிடைக்குமோ அத்தனை நாள் ஓட்டட்டும்.

அந்த டீம்காரர்கள் மறுபடி போன் செய்தால், இடிபாட்டுச் செலவு யாருடையது என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.