பேய்க்கதையும் பக்கத்தில் ஒரு வரலாறும்: இலையுதிர் கால வாசிப்புக்குக் கேள்வி பதில்

அக்டோபர் பிறந்ததுமே "நல்ல பேய்ப் புத்தகமாக ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டு நிறைய பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். நான் பேய் நாவலைத் தனியாகச் சொல்ல மாட்டேன், முடிந்தவரை பக்கத்திலேயே ஒரு வரலாற்றுப் புத்தகத்தையும் சேர்த்துத்தான் சொல்வேன். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள், எதற்காகப் பயப்பட்டோம் என்பதே மாறிவிடும்.

கே: அக்கா, நான் இதுவரை ஒரு பேய் நாவல்கூடப் படித்ததில்லை. ரத்தம், வெட்டு, குத்து எல்லாம் ஒத்துக்கொள்ளாது. எதில் ஆரம்பிக்கட்டும்?

ஷெர்லி ஜாக்சன் 1959இல் எழுதிய 'தி ஹான்டிங் ஆஃப் ஹில் ஹவுஸ்'. ரத்தத்தை நம்பி எழுதிய கதையே இல்லை அது. எலனார் என்று 32 வயதுப் பெண், நோயாளி அம்மாவை 11 வருடம் பார்த்துக்கொண்டதிலேயே வயது போய்விட்டது, அம்மா இறந்த பிறகு அக்கா வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். பேய் வீட்டை ஆராயப்போகும் ஒருவர் கடிதம் போட்டுக் கூப்பிட்டதும், அக்காவும் தானும் பாதிப்பாதிப் பணம் போட்டு வாங்கிய காரைச் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். அந்த வீட்டில் ஒரு ராத்திரி தாழ்வாரத்தில் ஏதோ ஒன்று கதவுகளைத் தட்டிக்கொண்டு வரும். எலனார் தூக்கக் கலக்கத்தில் "இதோ வருகிறேன் அம்மா" என்பாள். எனக்கு அந்தத் தட்டல் சத்தத்தைவிட இந்த ஒரு வரிதான் பயம். செத்துப்போன பிறகும் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள் இல்லையா? வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொண்ட யாருக்கும் இது உடனே புரியும்.

கே: ஏன் எல்லாரும் அக்டோபரில்தான் பேய்க்கதை படிக்கிறார்கள்?

அயர்லாந்து பக்கம் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் சந்தியில் 'சாவின்' என்ற பழைய திருநாள் உண்டு, அன்றைக்கு இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே கதவு திறக்கும் என்று நம்பினார்கள். ஹாலோவீனின் வேர் அங்கே இருக்கிறது. கத்தோலிக்கர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நமக்கும் புரட்டாசியில் மகாளய அமாவாசை வந்துவிடுகிறது, ஆக இறந்தவர்களை நினைக்கிற காலம்தான் இது. ஆனால் இங்கிலாந்தில் பேய்க்கதைக்குக் கிறிஸ்துமஸ் சமயம்தான் பெயர்போனது, ஜப்பானில் கோடைக்காலம்.

கே: மேடம், டிராகுலா படித்துவிட்டேன். அடுத்து?

தம்பி, அடுத்து நாவல் வேண்டாம். மைக்கேல் பெல் எழுதிய 'ஃபுட் ஃபார் தி டெட்' (2001) படியுங்கள். அவர் நாட்டார் வழக்காறு ஆய்வாளர், அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் உண்மையிலேயே "ரத்தக்காட்டேரி" என்று சந்தேகித்துப் பிணங்களைத் தோண்டிய சம்பவங்களைத் தேடித் தேடி எழுதியிருக்கிறார்.

அதில் மெர்சி பிரவுன் கதை ஒன்று போதும். ரோட் ஐலண்டில் எக்ஸ்டர் என்ற கிராமம். பிரவுன் குடும்பத்தில் முதலில் அம்மா போனார், அப்புறம் மூத்த மகள், பிறகு 1892 ஜனவரியில் 19 வயது மெர்சி. எல்லாம் காசநோய். அண்ணன் எட்வினும் படுத்துவிட்டான். ஊர்க்காரர்கள் அப்பாவை நெருக்கினார்கள், செத்தவர்களில் யாரோ ஒருத்திதான் பையனின் உயிரைக் குடிக்கிறாள், தோண்டிப் பார்த்துவிடலாம் என்று. அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை, இருந்தாலும் சரி என்றுவிட்டார். மார்ச் 17ஆம் தேதி தோண்டினார்கள். அம்மாவும் மூத்தவளும் எலும்பாகிவிட்டார்கள். மெர்சி செத்து இரண்டு மாதம், அதுவும் கடுங்குளிரில் கல்லறைக் கட்டடத்துக்குள் வைத்திருந்த உடல், கெடவில்லை, இதயத்தில் ரத்தம் இருந்தது. கூட இருந்த மருத்துவர் இது இயல்புதான், நுரையீரலில் காசநோய் தெரிகிறது என்று சொல்லியும் கேட்கவில்லை. இதயத்தை அங்கேயே ஒரு பாறைமேல் வைத்து எரித்து, சாம்பலைக் கலக்கி எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் அவனும் போய்விட்டான்.

காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்து அறிவித்தது 1882இல், அதாவது இதற்குப் பத்து வருடம் முன்னால். டிராகுலா வெளிவந்தது 1897இல், மெர்சி சம்பவத்துக்கு ஐந்து வருடம் பின்னால். இந்த இரண்டு ஆண்டையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அந்த ஊர்க்காரர்களை முட்டாள்கள் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கிருமி எது என்று தெரிந்துவிட்டது, மருந்துதான் இன்னும் வரவில்லை, கண் முன்னால் ஒரு பையன் இருமி இருமிச் சாகிறான், அவர்களும் என்னதான் செய்வார்கள்?

கே: சிறுகதைகள் சொல்லுங்கள். ராத்திரி ஒன்று படித்துவிட்டுத் தூங்க வேண்டும்.

தூங்க முடியுமா என்று தெரியவில்லை, ஆனால் எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பழைய சுவடிகளோடு வாழ்ந்த அறிஞர், கிறிஸ்துமஸ் சமயத்தில் நண்பர்களுக்குத் தன் கதைகளை வாசித்துக் காட்டுவார், முதல் தொகுப்பு 1904இல் வந்தது. ஒரு கதையில் கடற்கரை ஊருக்கு வந்த பேராசிரியர் இடிபாட்டில் ஒரு பழைய விசிலை எடுத்து ஊதிவிடுவார். அவர் அறையில் யாரும் படுக்காத இன்னொரு கட்டில் இருக்கும். அந்தக் கட்டிலின் விரிப்பு எழுந்து உருவம் எடுக்கும், கசங்கிய துணிதான் முகம். தங்கும் அறையில் கூடுதலாக ஒரு கட்டில் இருந்தால் இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

அதே 1904இல் லாஃப்காடியோ ஹெர்னின் 'க்வைதான்' வந்தது, ஜப்பானியக் கதைகள். அதில் கண் தெரியாத பாடகன் ஹோய்ச்சியை ராத்திரியில் வந்து கூட்டிப்போய்ப் போர்க்கதையைப் பாடச் சொல்வார்கள். கேட்பவர்கள் யார் என்றால், 1185இல் தான்-னோ-உரா கடற்போரில் கூண்டோடு அழிந்த ஹெய்கே குலத்தார். தங்கள் சாவைத் தாங்களே கேட்டு அழுகிறார்கள்.

கே: சேலம் சூனியக்காரிகளை எரித்ததைப் பற்றி நல்ல புத்தகம் உண்டா?

உண்டு, ஆனால் முதலில் ஒரு திருத்தம். சேலத்தில் யாரையும் எரிக்கவில்லை. நம்மூர் சேலம் இல்லை, மாசசூசெட்ஸில் உள்ள ஊர். 1692இல் 19 பேரைத் தூக்கில் போட்டார்கள், அதில் 5 பேர் ஆண்கள். வழக்கில் வாயே திறக்க மாட்டேன் என்று நின்ற கைல்ஸ் கோரி என்ற முதியவரைக் கல் அடுக்கி நசுக்கிக் கொன்றார்கள். சிறையிலும் சிலர் செத்தார்கள். "அவளுடைய ஆவி வந்து என்னைக் கிள்ளியது" என்று ஒருவர் சொன்னதையும் நீதிமன்றம் சாட்சியாக எடுத்துக்கொண்டதுதான் கொடுமை, அப்படி ஒரு குற்றச்சாட்டை எவராலும் மறுத்து நிரூபிக்க முடியாதே!

ஸ்டேசி ஷிஃப்பின் 'தி விட்சஸ்' (2015) நாவல் மாதிரி ஓடும். மேரி பெத் நார்ட்டனின் 'இன் தி டெவில்ஸ் ஸ்நேர்' (2002) கொஞ்சம் கனமானது, எல்லையில் பூர்வகுடிகளுடன் நடந்த போரின் பீதி எப்படி நீதிமன்றத்துக்குள் நுழைந்தது என்று காட்டுகிறது. எனக்கு நார்ட்டன்தான் பிடிக்கும்.

கே: என் மகளுக்கு 12 வயது. அவளுக்கும் சேலம் பற்றிச் சொல்ல வேண்டும், ஆனால் பயமுறுத்தக் கூடாது.

மேலே சொன்ன அதே ஷெர்லி ஜாக்சன் சிறுவர்களுக்காக 'தி விட்ச்கிராஃப்ட் ஆஃப் சேலம் வில்லேஜ்' என்று 1956இல் எழுதியிருக்கிறார். அதைக் கொடுங்கள். கூடவே எலிசபெத் ஜான்சன் என்ற பெண்ணின் கதையைச் சொல்லுங்கள். தண்டனை விதிக்கப்பட்டுத் தூக்குக்குத் தப்பியவர், பழி மட்டும் நீங்காமலே இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து விடாமல் முயன்று, 2022இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அவரை நிரபராதி என்று அறிவித்தது. உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள்தான்.

கே: லண்டனில் பெண்களைக் கொன்று கடைசிவரை பிடிபடாத ஜாக் தி ரிப்பர் பற்றி?

ஹாலி ரூபென்ஹோல்டின் 'தி ஃபைவ்' (2019). கொலைகாரன் யார் என்ற ஆராய்ச்சியே கிடையாது. கொலையான ஐந்து பெண்களும் எங்கே பிறந்தார்கள், எப்படி வீடிழந்தார்கள் என்பதுதான் புத்தகம். இதைப் படித்த பிறகு மற்ற ரிப்பர் புத்தகங்களைத் தொட எனக்குப் பிடிக்கவில்லை.

கே: டோனி மாரிசனின் 'பிலவட்' பேய் நாவல் பட்டியலில் இருக்கிறது. அது இலக்கியம் இல்லையா?

இரண்டும்தான். பேயே இல்லாமல் அந்த நாவல் கிடையாது. 1856இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண் கென்டக்கியிலிருந்து, உறைந்து கிடந்த ஒஹாயோ ஆற்றைக் கடந்து குடும்பத்தோடு தப்பி வந்தார். பிடிக்க வந்துவிட்டார்கள் என்றதும், திரும்ப அடிமையாகப் போவதற்குச் சாவதே மேல் என்று தன் பெண் குழந்தையைக் கொன்றுவிட்டார். அந்தச் செய்திதான் நாவலுக்கு விதை. இதோடு காலின் டிக்கியின் 'கோஸ்ட்லேண்ட்' (2016) சேர்த்துப் படியுங்கள். ரிச்மண்ட் நகரத்தில் அடிமைச் சந்தை நடந்த பகுதியில் சொல்லப்படும் பேய்க்கதைகளில் வரும் பேய்கள் ஏன் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பேய்களாகவே இருக்கின்றன என்று கேட்கிறார். எந்த ஊரில் பேய்க்கதை கேட்டாலும் இந்தக் கேள்வியை நான் இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

கே: தமிழில் ஒன்றே ஒன்று?

புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. பிச்சைக்காரியாக வந்து வீட்டில் வேலைக்கு இருந்துவிடும் ஒரு பெண், அவள் யார் என்று புரியாமல் தவிக்கும் ஒரு எழுத்தாளர். அவர் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டன, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஒரே மூச்சில் படித்துவிடலாம், இன்று ராத்திரியே ஆரம்பியுங்கள்.