சிம்கோ ஏரியில் ஐஸ் மீன்பிடி: புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, போன ஜூலையில் கனடா வந்தீர்கள், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறீர்கள், வேலையிடத்தில் கூட இருப்பவர்கள் பெப்ரவரியில் சிம்கோ ஏரிக்கு, உறைந்த ஐஸில் துளை போட்டு மீன்பிடிக்கக் கூப்பிடுகிறார்கள். போகலாமா, உறைந்த ஏரியில் நிற்பது ஆபத்தில்லையா, மனைவியையும் மகளையும் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் போங்கள். நான் பருத்தித்துறைப் பக்கம், கடற்கரையில் வளர்ந்தவன். இங்கே குளிர்காலம் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு ஏப்ரலுக்காகக் காத்திருப்பது என்றுதான் எங்கள் ஆட்களில் கனபேர் இருக்கிறார்கள். ஸ்காபரோவிலிருந்து 404 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் இந்த ஏரி. அங்கே போனால் ஜனவரி, பெப்ரவரிக்காக வருடம் முழுக்கக் காத்திருக்கிற சனத்தைப் பார்ப்பீர்கள்.

முதலில் ஐஸைப் பற்றி. நடந்து போவதற்குக் குறைந்தது 10 சென்ரிமீற்றர் வேண்டும். அதுவும் கண்ணாடி போலத் தெளிந்த, நீலம் கலந்த கெட்டி ஐஸாக இருக்கவேண்டும். பனி விழுந்து நனைந்து உறைந்த வெள்ளை ஐஸுக்குப் பலம் அதில் பாதிதான், ஆகவே தடிப்பு இரண்டு மடங்கு வேண்டும். சாம்பல் நிறமாகத் தெரிந்தால் அதில் காலே வைக்கக்கூடாது. சிம்கோ 700 சதுரக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஏரி. காற்றும் வெப்பநிலையும் மாறும்போது ஐஸ் நீளத்துக்கு வெடித்து, விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். பக்கத்திலேயே திறந்த தண்ணீரும் இருக்கலாம். நேற்று நன்றாக இருந்த பாதை இன்று அப்படி இருக்கும் என்று நம்பக்கூடாது. பழகியவர்கள் இரும்புக் கம்பியால் முன்னுக்குக் குத்திப் பார்த்துக்கொண்டுதான் நடப்பார்கள். தவறி விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏற, இரண்டு கூர் ஊசிப் பிடிகளைக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார்கள். நீங்களும் ஒரு சோடி வாங்குங்கள், விலை அதிகமில்லை.

இன்னொன்று. அங்கே நிற்கும்போது காலடியில் இடி உருளுவதுபோல ஒரு சத்தம் ஏரியின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு ஓடும். ஐஸ் விரிந்தும் சுருங்கியும் போடுகிற சத்தம் அது. கடுங்குளிரில் நல்ல தடிப்பான ஐஸும் அப்படித்தான் முழங்கும். பதறி ஓடாதீர்கள்.

நண்பர்களில் ஏரியை நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால், முதல் தடவை காசு கொடுத்து, ஐஸின்மேல் வைத்திருக்கிற மீன்பிடிக் குடிலில் இருப்பதே சரி. ஜோர்ஜினா கரையில், ஜக்சன்ஸ் பொயின்ற் பக்கமெல்லாம், குடில் வாடகைக்கு விடுபவர்கள் இருக்கிறார்கள். ஐஸின் தடிப்பை ஒவ்வொரு நாளும் அளப்பவர்கள் அவர்கள். கரையிலிருந்து பனிவண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். துளை போட்டு, ஹீற்றர் மூட்டி, இரையும் தருவார்கள். சின்ன மரக்குடில், எதிரெதிரே வாங்கு, நடுவில் தரையோடு துளைகள். புரொப்பேன் ஹீற்றர் எரிவதால் காற்றுத் துவாரத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள். காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை. அதைக் கண்டுபிடிக்கும் அலாரம் குடிலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே பதியுங்கள்.

இனி மீன். பேர்ச் வேண்டுமா, ட்ரவுட் வேண்டுமா என்பதைப் பொறுத்துப் போகிற இடம் மாறும். தெற்கே குக்ஸ் குடா ஆழம் குறைவு, பேர்ச்சுக்குப் பேர்போன இடம். ட்ரவுட் ஆழத்து மீன். பாரி நகரத்தை ஒட்டிய கெம்பன்ஃபெல்ட் குடாவில் 40 மீற்றர் வரை ஆழம், அங்கே தேடலாம். முதல் தடவைக்கு நான் பேர்ச்சைத்தான் சொல்வேன். ட்ரவுட்டுக்கு நாள் முழுக்க இருந்துவிட்டு வெறுங்கையோடு திரும்புவது சாதாரணம். பேர்ச் கூட்டமாகத் திரியும். அரை மணிநேரம் ஒன்றும் இல்லை, பிறகு தூண்டிலை இறக்க இறக்கக் கொத்தும். கொத்துவது மிக மெதுவாக இருக்கும். இரண்டடிக் குட்டித் தடியின் நுனி இலேசாக ஒரு தலையாட்டு ஆட்டும், அவ்வளவுதான். அந்த நேரம் மணிக்கட்டை மட்டும் சுண்டுங்கள். மேலே வருவது மஞ்சள் உடம்பில் கறுத்த பட்டைகளும், அடியில் செம்மஞ்சள் செட்டையுமாக ஒரு வடிவான மீன். முதுகுச் செட்டையில் முள், செவுள் மூடியிலும் கூர். தலையிலிருந்து வால் பக்கமாகத் தடவிப் பிடித்தால் கையில் குத்தாது.

ட்ரவுட் பிடித்தால் அதன் செட்டைகளைப் பாருங்கள். ஒன்று வெட்டப்பட்டிருந்தால் அது பண்ணையில் வளர்த்து ஏரியில் விட்ட மீன். ஒரு காலத்தில் கழிவோடு வந்த பொஸ்பரஸ் கூடி, ஆழத்தில் ஒட்சிசன் குறைந்து, இங்கே ட்ரவுட் இயற்கையாகப் பெருகுவதே நின்றுபோனது. 2008இல் இந்த ஏரிக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்தது. செட்டை வெட்டாத, ஏரியிலேயே பிறந்த ட்ரவுட் இப்போது வருகிறது. அப்படி ஒன்றைக் கையில் பிடித்தால் எனக்குத் திரும்ப விடத்தான் மனம் வரும்.

18 வயதிலிருந்து 64 வரை மீன்பிடி அனுமதிப்பத்திரம் வேண்டும். ஒன்ராறியோ மாகாணத்தில் தொடர்ந்து 6 மாதம் வசித்தவருக்குத்தான் உள்ளூர்க் கட்டணம், ஜூலையில் வந்த உங்களுக்குப் பெப்ரவரியில் அது சரிவரும். பெப்ரவரியில் வரும் குடும்ப நாள் விடுமுறையை ஒட்டிய சனி ஞாயிறில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே பிடிக்க விடுவார்கள், ஆனால் அப்போது மீன் எண்ணிக்கை வரம்பு குறைவு. வழமையாகப் பேர்ச் ஒருவருக்கு 50 வரை. வரம்புகளை மாகாண அரசின் அந்த வருட விதிக்கையேட்டில் பார்த்துக்கொண்டு போங்கள், அதிகாரிகள் ஐஸுக்கு வந்தே வாளியைப் பார்ப்பார்கள்.

உடுப்பில், உடம்போடு ஒட்டுகிற முதல் அடுக்கு பருத்தியாக இருக்கக்கூடாது, வியர்வை பிடித்தால் காயாது. கம்பளிக் காலுறை, அதற்கு இடம்விடுகிற பெரிய சப்பாத்து. இறுக்கமான சப்பாத்தில் கால் விறைக்கும். கை துடைக்க ஒரு துவாயும், பிளாஸ்கில் தேத்தண்ணியும்.

சமையலைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். பேர்ச்சின் தோலை உரித்துச் சதையை எடுத்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் பிரட்டிப் பொரியுங்கள். குழந்தைகள் விரும்பிச் சாப்பிடும். ட்ரவுட் கொழுப்பு மீன், புளி கொஞ்சம் கூடவிட்ட குழம்புக்குச் சரி. பெரிய ட்ரவுட்டில் பாதரசம் கூடும் என்பதால் மகளுக்கு அடிக்கடி கொடுக்கவேண்டாம். எந்த அளவு மீனை மாதத்தில் எத்தனை தடவை சாப்பிடலாம் என்று ஒவ்வொரு ஏரிக்கும் ஒன்ராறியோ அரசின் வழிகாட்டி இருக்கிறது.

மனைவியையும் மகளையும் தாராளமாகக் கூட்டிப்போகலாம், ஆனால் குடில் எடுத்தால் மட்டும். சிறு பிள்ளை வருகிறது என்று முதலே சொல்லி, கழிப்பறை வசதி எங்கே, இடையில் கரைக்குத் திரும்ப வேண்டுமென்றால் வண்டி எவ்வளவு நேரத்தில் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மார்ச் 15க்குள் குடில்களை ஏரியிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்பது விதி, சனி ஞாயிறும் கெதியில் நிரம்பிவிடும். ஆகவே இந்தக் கிழமையே பதியுங்கள்.