பட்டவராயன் யார்? வில்லுப்பாட்டைச் சுருக்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், இருப்பது ஆவடியில். இந்த ஆடி அமாவாசைக்கு வீட்டோடு காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தோம். பட்டவராயன் சன்னதியில் செருப்பு செருப்பாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு என் மகள், "கோயிலுக்குள்ள ஏம்ப்பா செருப்பு?" என்று கேட்டாள். எங்கள் அப்பா சொன்ன கதையை அவளுக்குச் சொன்னேன். பட்டவராயனாகிய முத்துப்பட்டன் பிராமணப் பையன், செருப்புத் தைக்கிறவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கட்டிக்கொண்டான் என்று. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் குறுக்கிட்டு, அந்தப் பெண்களும் பிராமணப் பெண்கள்தான், காட்டில் கிடந்த குழந்தைகளை அந்தச் செருப்புத் தைக்கிற பகடை எடுத்து வளர்த்தார் என்றார். எது சரி? இப்படி ஒருவன் உண்மையிலேயே வாழ்ந்தானா?

இன்னொன்று. எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கப் போட்ட கூட்டத்தில், இந்தத் தடவை வில்லுப்பாட்டை ஒரு மணி நேரத்தோடு முடித்துவிட்டு இன்னிசைக் கச்சேரி வைக்கலாம் என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். ராத்திரி முழுக்க உட்கார்ந்து யார் கேட்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். பெரியவர்களுக்கு மனசில்லை, ஆனால் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மு., ஆவடி

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதில் எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. வில்லுப்பாட்டைச் சுருக்க விடாதீர்கள். கச்சேரி வேண்டுமென்றால் கொடையின் கடைசிச் சடங்கான மஞ்சள் நீராட்டு முடிந்த பிறகு தாராளமாக வைக்கட்டும், ஊர்ப் பிள்ளைகள் ஆடிப்பாடி மகிழ்வதில் ஒரு தப்பும் இல்லை. சாமியை அழைக்கிற குடியழைப்பு ராத்திரியிலும் கொடை ராத்திரியிலும் மட்டும் கை வைக்க வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். கொடையில் வில்லுப்பாட்டை ஒரு கலை நிகழ்ச்சி என்று நினைப்பதால்தான் இந்தக் குழப்பமே வருகிறது. பட்டணத்தில் வளர்ந்தவர்களுக்கு வில்லுப்பாட்டு என்றால் வானொலியும் மேடையும்தான் நினைவுக்கு வரும். சுப்பு ஆறுமுகம் அய்யா நம்ம சத்திரம் புதுக்குளத்துக்காரர், வில்லை நாடெங்கும் மேடையேற்றியவர், 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார், அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் சுடலை கோயில் முன்னால் பந்தலில் பாடுவது வேறு காரியம். அங்கே கேட்கிறவர்களில் முதல் ஆள் பீடத்தில் இருக்கிறார். எதிரே ஜமுக்காளத்தில் நாலு கிழவிகள் தூங்கி வழிந்துகொண்டிருந்தாலும் வில்லடித்துப் பாடுகிற புலவர் அதே சத்தத்தில் பாடுவார், பாடித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அவர் பாடுவது சாமிக்கு அதன் சொந்தக் கதையை.

உங்கள் ஊர்க் கொடையை ஒரு முறை கவனித்துப் பாருங்கள். குடியழைப்பு அன்று ராத்திரி வில் கட்டி, காப்பும் குருவடியும் அவையடக்கமும் என்று தொடக்கப் பாட்டுகளைப் பாடி, பெரும்பாலும் சாஸ்தா கதையில் தொடங்குவார்கள். மறுநாள்தான் சுடலை கதை. பார்வதி அம்மை கேட்ட வரத்தில் விளக்குச் சுடரில் பிறந்தது, பிள்ளையாய் இருக்கும்போதே மயானத்துக்குப் போய்ப் பிணம் தின்றது, அதனால் கைலாசத்தில் இடமில்லாமல் பூமிக்கு அனுப்பப்பட்டது, மலையாளக் கரையில் காளிப்புலையனோடும் அவன் மகள் மாவிசக்கியோடும் நடந்ததெல்லாம். இதைப் புலவர் தன் இஷ்டத்துக்கு அளந்து பாடுவதில்லை. மதியக் கொடைக்குக் கதை எங்கே நிற்க வேண்டும், நடுச்சாமத்துப் பூசையான சாமக் கொடைக்கு எங்கே வந்து சேர வேண்டும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. உடுக்கும் குடமும் வேகம் பிடிக்கும், வில்லை அடிக்கிற வீசுகோல் விழுகிற விழுச்சியில் மணியெல்லாம் அலறும், நையாண்டி மேளமும் சேர்ந்துகொள்ளும், அந்த இடத்தில்தான் சாமியாடுகிற கோமரத்தாடிக்கு அருள் வரும். கச்சையும் சல்லடமும் குல்லாயும் என்று சாமியாடும் உடுப்பை மாட்டி, வல்லயம் என்கிற ஈட்டியைக் கையில் வாங்கி, அப்புறம் தீப்பந்தத்தோடு மயானத்துக்கு வேட்டைக்குப் போவார். கதை அங்கே போய்ச் சேராமல் சாமி எப்படி வரும்? ஒரு மணி நேரத்தில் முடி என்றால் எந்தப் புலவரும் முடித்துக் கொடுப்பார், காசு வாங்கியிருக்கிறாரே. பிறப்பை ஒரு பாட்டு, மயானத்தை ஒரு பாட்டு, முடிவு வாழ்த்தான வாழி பாடி எழுந்துவிடுவார். கோமரத்தாடியும் மேளத்துக்கு ஆடத்தான் செய்வார். வெளியூரிலிருந்து கார் பிடித்து வந்த பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த வருஷம் சாமிக்கு அதன் கதை சொல்லப்படவில்லை.

உங்கள் ஊரில் கணியான் ஆட்டம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் இதைவிட அழுத்தமாகச் சொல்வேன். சுடலைக்கு மகுடம் என்கிற தோல்பறை அடித்துப் பாட உரிமைப்பட்ட குடிகள் கணியான்கள். உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம், தலைமைப் பாடகரான அண்ணாவி பாட, பெண் வேஷம் கட்டிய இருவர் ஆடுவார்கள். கைவெட்டு என்று ஒரு சடங்கு, கணியான் தன் கையைக் கீறி ரத்தம் கொடுப்பது. பிழைப்பு குறைந்து அடுத்த தலைமுறை வேறு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அதைத் தப்புச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. இருக்கிறவர்களையாவது கூப்பிட்டு, முழுச் சம்பளம் பேசி, மரியாதையாக உட்கார வைத்துச் சோறு போடலாம், அது ஊரின் கையில் இருக்கிறது.

இனி பட்டன் கதை.

நம்ம பக்கத்துச் சாமிகளில் இரண்டு வகை. சுடலை போல மேலே பிறந்து கீழே இறங்கி வந்தவை ஒன்று. நம்மைப் போல மனுஷராய்ப் பிறந்து, அநியாயமாகச் சாகடிக்கப்பட்டு, சாவுக்குப் பிறகு சாமியானவை இன்னொன்று. இரண்டாவது வகைதான் இங்கே அதிகம். நிலத் தகராறு, சாதி மாறிய காதல், கர்ப்பிணியின் சாவு, நம்பிக்கைத் துரோகம் என்று எந்தப் பீடத்துக்குக் கீழே தோண்டினாலும் ஒரு கொலை இருக்கும். கொன்றவர்களின் வம்சமே அந்தச் சாமிக்கு வரி கொடுத்துக் கும்பிடும் ஊர்களும் உண்டு. நடந்ததை மறக்கமாட்டோம், உன் கதையை ஊர் கூடியிருக்கும்போது சத்தமாகச் சொல்லுவோம், நீ எங்களைக் காப்பாற்று என்பதுதான் ஒப்பந்தம்.

முத்துப்பட்டன் அந்த வகை. ஏழு பேரில் கடைசித் தம்பி, அண்ணன்மாரோடு கோபித்துக்கொண்டு கொட்டாரக்கரை ராசாவிடம் வேலைக்குப் போகிறான். திரும்பி வரும் வழியில் மலையில் பொம்மக்காவையும் திம்மக்காவையும் பார்க்கிறான். அவர்கள் அப்பா வாலப்பகடை, மாட்டுக் கிடை காப்பவர், தோல் வேலை செய்பவர், இன்று அருந்ததியர் என்று சொல்கிறோமே அந்தச் சமூகம். பெண் கேட்டவனிடம் பகடை உடனே சரி என்று சொல்லவில்லை, இதுதான் கதையின் உச்சம் என்று எனக்குத் தோன்றும். குடுமியை அறு, பூணூலை அறு, தோல் பதனிடக் கற்றுக்கொள், செருப்புத் தைத்துக் கொண்டுவா, அப்புறம் பேசலாம் என்கிறார். பட்டன் எல்லாவற்றையும் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. அந்த ராத்திரியே கிடையில் மாடு கொள்ளை போகிறதென்று தகவல் வர, மாமனாருக்காகப் புறப்பட்டுப் போய்க் கொள்ளையரை வெட்டிச் சாய்க்கிறான். ஒளிந்திருந்த ஒருவன் பின்னாலிருந்து குத்திவிடுகிறான். பொம்மக்காவும் திம்மக்காவும் சிங்கம்பட்டி ராசாவிடம் போய் அனுமதி வாங்கிக்கொண்டு, புருஷன் சிதையில் தீப்பாய்கிறார்கள்.

இப்போது அந்தப் பெரியவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை, அப்படி ஒரு வடிவமும் பாட்டில் இருக்கிறது. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை (1917–1980) இந்தக் கதையைத் தேடிச் சேகரித்துப் பதிப்பித்தவர். பெண்கள் பிராமணப் பிறப்பு என்கிற பகுதி பின்னால் ஒட்டவைக்கப்பட்டது என்பதுதான் அவர் கண்ட முடிவு. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது, அதற்குக் கதையே சாட்சி. பெண்கள் பிராமணப் பெண்கள் என்றால் பட்டன் பூணூலை அறுத்ததற்கு என்ன மதிப்பு? அவன் ஒன்றையும் இழக்கவில்லை, தன் சாதியிலேயே கட்டிக்கொண்டான், விவரம் தெரியாமல் கொஞ்ச நாள் செருப்புத் தைத்தான் என்று ஆகிவிடும். அந்தக் கதைக்கா இத்தனை ஊர் சனம் மலையேறும்? மதுரை வீரனையும் பாருங்கள், அவனும் காசி ராசா மகனாம், காட்டில் விடப்பட்டுச் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தானாம். கீழே பிறந்த ஒருவன் சாமியாவதைத் தாங்க முடியாதவர்கள் பிறப்பை மாற்றி எழுதுவது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. பட்டன் கதையில் பையன் ஏற்கெனவே மேல்சாதி, அதனால் பெண்களின் பிறப்பில் கை வைத்தார்கள்.

ஒட்டுப் போட்டவர்களால் அந்தச் செருப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, கவனித்தீர்களா? நம் ஊரில் எந்தக் கோயிலுக்குப் போனாலும் செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறோம். காரையாரில் மட்டும் எல்லாச் சாதிக்காரர்களும் புதுத் தோல்செருப்பைப் பயபக்தியோடு கையில் ஏந்திக்கொண்டு சன்னதிக்குக் கொண்டுபோகிறார்கள். காணிக்கையாகக் கட்டிய செருப்பைப் பட்டவராயன் ராத்திரி போட்டுக்கொண்டு காவலுக்குப் போகிறார், அடுத்த வருஷம் பார்த்தால் தேய்ந்திருக்கும் என்று நம்புகிறார்கள். தோலைத் தொட்டால் தீட்டு என்ற ஒரு தேசத்தில், தோல் வேலையை ஏற்றுக்கொண்டு செத்தவனுக்குத் தோலாலேயே காணிக்கை. உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவளுக்கு விளங்கும், பிள்ளைகளுக்கு நியாய அநியாயம் நம்மைவிடச் சீக்கிரம் விளங்கும். உங்கள் அப்பா சொன்ன கதையையே அவளுக்குச் சொல்லுங்கள்.

இப்படி ஒருவன் வாழ்ந்தானா? வாழ்ந்தான் என்றுதான் நான் நினைக்கிறேன். கதையில் வருகிற ஊர்ப்பெயரும் ஆற்றுத்துறையும் மலையும் கற்பனை இல்லை, சிங்கம்பட்டி ஜமீன் கற்பனை இல்லை. அந்த ஜமீனின் கடைசி ராசா முருகதாஸ் தீர்த்தபதி 2020 மே மாதம் காலமானார். அதுவரை ஆடி அமாவாசைக்கு ராஜ உடையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் வந்து உட்கார்ந்து சனங்களுக்குக் காட்சி கொடுத்தார். மனைவிமார் தீப்பாய அனுமதி கேட்டதாகக் கதை சொல்கிறதே, அந்த அரண்மனையின் வாரிசு, பட்டவராயன் இருக்கிற அதே கோயில் வளாகத்தில். சாஸ்தா, பிரம்மராட்சசி, சங்கிலி பூதத்தார், தூசி மாடன் என்று அத்தனை பேர் இருக்கிற இடத்தில் பட்டனும் இரண்டு மனைவியரும் தங்களுக்கென்று ஒரு சன்னதியோடு நிற்கிறார்கள் என்றால், சும்மா கட்டிவிட்ட கதைக்கு அப்படி இடம் கிடைக்காது தம்பி.

மலைக்கோயில் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறைக் கட்டுப்பாடு வருஷத்துக்கு வருஷம் கூடுகிறது, முன்பு போல நாள்கணக்கில் ஆற்றங்கரையில் குடில் போட்டுக் கிடக்க முடிவதில்லை. ஆற்றில் பழைய துணியும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த லட்சணத்தைப் பார்த்தவர்கள் கட்டுப்பாடே கூடாது என்று சொல்லமாட்டார்கள். ஆனால் தங்குகிற நாள் குறையக் குறைய அங்கே ராத்திரியில் உட்கார்ந்து கதை கேட்பதும் குறைகிறது. மலையில் குறைகிறது என்பதால்தான் ஊர்க் கொடைகளில் கதை முழுசாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதமாக எழுதுகிறேன்.

கூட்டத்தில் என்ன பேசலாம் என்றால், இளவட்டங்களைத் திட்ட வேண்டாம். ராத்திரி முழுக்க யாரும் உட்காரவில்லை என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதற்குக் காரணமும் இருக்கிறது. குழாய் ஒலிபெருக்கியில் கதறவிட்டால் ஒரு வார்த்தை விளங்காது. இந்த வருஷம் ஒலிபெருக்கிப் பொறுப்பை அந்தப் பையன்களிடமே கொடுங்கள், புலவர் சொல்வது தெளிவாகக் கேட்கும்படி சின்னப் பெட்டிகளைப் பந்தலைச் சுற்றி வைக்கட்டும். புலவரிடம் முன்கூட்டியே போய், எந்தக் கதை, எந்தச் சாமத்தில் எந்த இடம் என்று கேட்டு வந்து நோட்டீசிலேயே அச்சடியுங்கள். எப்போது உட்கார வேண்டும் என்று தெரிந்தால் சனம் வந்து உட்காரும். இப்போது பெண் புலவர்கள் தலைமையில் நல்ல குழுக்கள் இருக்கின்றன, இளம் பிள்ளைகள் பாடுகிறார்கள், அவர்களில் ஒரு குழுவைக் கூப்பிட்டால் ஊர்ப் பெண்பிள்ளைகளும் முன்வரிசைக்கு வருவார்கள்.

அப்புறம் ஒரு வேலை உங்களுக்கு. கொடை ராத்திரிக் கதையைத் தொடக்கம் முதல் வாழி வரை முழுசாகப் பதிவு செய்யுங்கள், துண்டு துண்டாக வேண்டாம். புலவரிடம் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், அவர் கையில் பழைய ஏடோ கையெழுத்து நோட்டோ இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே துறை நடத்துகிறார்கள், ஒரு பிரதியை அங்கே கொடுத்தால் பத்திரமாக இருக்கும். உங்கள் ஊர் சுடலை கதை மற்ற ஊர்க் கதையிலிருந்து எங்கெங்கே மாறுகிறது என்று கேட்டு முடித்ததும் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி