பயிலரங்குக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்: நூலகர் கேள்வி–பதில்

கேள்வி: பள்ளி நூலகராக இருக்கிறேன். இரண்டு நாள் 'கோஹா' நூலக மென்பொருள் பயிலரங்குக்கு அழைப்பு வந்திருக்கிறது. கட்டணம் கட்டிப் போகலாமா? – வாசகி, வியாசர்பாடி

பதில்: முதலில் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு நாளில் எத்தனை மணி நேரம் கணினி உங்கள் கையில் இருக்கும் என்று பாருங்கள். பாதி நேரம்கூட இல்லையென்றால் அந்தப் பணத்துக்குப் புத்தகம் வாங்கலாம். முதல் நாள் முழுக்க உபுண்டு இயங்குதளத்தில் கோஹாவை நிறுவக் கற்றுத் தருவதாக இருந்தாலும் அது உங்களுக்கானதல்ல. அதைச் சர்வர் பார்ப்பவர் ஒருவர் செய்துகொள்வார். உங்களுக்கு வேண்டியவை புத்தக விவரம் ஏற்றுவது, கொடுத்து வாங்குவது, அறிக்கை எடுப்பது, பேக்கப் எடுத்து அதைத் திரும்ப ஏற்றிப் பார்ப்பது ஆகிய நான்கும்தான்.

போகும்போது உங்கள் நூலகத்திலிருந்தே இருபது புத்தகங்களை எடுத்துச் செல்லுங்கள். ஐ.எஸ்.பி.என். என்ற சர்வதேச நூல் எண் இல்லாத பழைய நூல் ஐந்து, பல பாகங்கள் கொண்ட நாவல் ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று, புனைபெயரில் எழுதியவர் நூல் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். பயிலரங்குகளில் பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகத்தைத்தான் காட்டுவார்கள். அதன் ஐ.எஸ்.பி.என்.னைத் தட்டினால் வேறு நூலகத்திலிருந்து முழு விவரமும் வந்து விழும். பழைய தமிழ் நூலுக்கு அப்படி வராது; ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு எண்ணிட்ட கட்டம் உள்ள மார்க் படிவத்தில் நீங்களே நிரப்ப வேண்டும். ஆசிரியர் 100, தலைப்பு 245, நூலைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டியூவி எண் 082, உங்கள் படியின் பார்கோடும் அலமாரியும் 952. தமிழ்ப் புனைகதைக்கு டியூவியில் 894.8113 வரும்.

புனைபெயர்தான் பலரையும் குழப்பும். 'கல்கி' என்றும் 'ரா. கிருஷ்ணமூர்த்தி' என்றும் இரண்டு விதமாக ஏற்றிவிட்டால், தேடுகிற பிள்ளைக்குப் பாதி நூல்தான் கிடைக்கும். ஒன்றைத் தலைப்பெயராக வைத்து, மற்றதை அத்தாரிட்டி பதிவின் (ஒருவரின் எல்லாப் பெயர்களையும் இணைக்கும் பதிவு) 400-இல் போடும் முறையை அங்கேயே செய்துகாட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: எட்டாயிரம் புத்தகங்களின் பட்டியல் எக்செலில் இருக்கிறது. கோஹாவில் ஏற்றினால் தமிழ் எல்லாம் கோணல்மாணலாக வருகிறது, அக்சஷன் நம்பரின் (நூலகப் பதிவெண்) முன்சுழியங்களும் காணோம். – வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: இவை இரண்டும் வேறு வேறு கோளாறு.

தமிழ் சிதைவதற்குக் காரணம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துரு. அதில் அடித்தது கணினிக்கு ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டிருந்தது, அவ்வளவே. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யுனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் ஆங்கிலத் தலைப்புள்ள வரிகளை வேறு ஷீட்டுக்கு நகர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் அவையும் தமிழ்க் குப்பையாகிவிடும். பிறகு 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' வகையில் சேமியுங்கள். வெறும் சி.எஸ்.வி. என்று சேமித்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

சுழியம் போனது எக்செலின் வேலை. 000123 என்பதை எண்ணாக எடுத்துக்கொண்டு 123 ஆக்கிவிட்டது. பிற்பாடு அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றுவதால் போனது திரும்பாது. பக்கத்தில் புதுப் பத்தி திறந்து, டெக்ஸ்ட் ஃபார்முலாவில் ஆறு சுழியம் கொடுத்து மீட்கலாம். ஐ.எஸ்.பி.என்.தான் ஆபத்து. அதன் 13 இலக்கம் குறுகி 9.78-இ+12 என்று தெரிகிற நிலையிலேயே சி.எஸ்.வி.யாகச் சேமித்துவிட்டால் கடைசி இலக்கங்கள் போனது போனதுதான். புத்தகத்தை எடுத்துத்தான் மறுபடி அடிக்க வேண்டும். சரிசெய்த சி.எஸ்.வி.யைத் திரும்ப எக்செலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்து சேமிக்காதீர்கள். சுழியம் மறுபடி பறந்துவிடும். பலர் இந்த இடத்தில்தான் இரண்டாவது தடவையும் விழுகிறார்கள்.

அடுத்து மார்க்எடிட் என்ற மென்பொருளில் போட்டு மார்க் கோப்பாக்கி, முதலில் இருபது பதிவுகளை மட்டும் ஏற்றிப் பாருங்கள். கோஹாவில் ஒரு தொகுதியாக ஏற்றியதைத் தொகுதியாகவே திரும்ப நீக்க வழி உண்டு. எட்டாயிரத்தையும் ஒரே மூச்சில் ஏற்றினால், தவறு எங்கே என்று தேடுவதற்கே நாள் போய்விடும்.

கேள்வி: பார்கோடு ஸ்கேனர் அடித்தால் திரையில் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்து விழுகிறது. ஸ்கேனர் பழுதா? – வாசகர், திருவொற்றியூர்

பதில்: இல்லை. ஸ்கேனரும் கணினிக்கு ஒரு கீபோர்டுதான். நீங்கள் தமிழ்99 விசைப்பலகையில் வைத்திருந்தால் பார்கோடில் உள்ள ஆங்கில எழுத்தும் தமிழாகத்தான் விழும். ஸ்கேன் செய்யும் முன் ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். இன்னும் அச்சடிக்கவில்லையென்றால் பார்கோடை வெறும் இலக்கங்களாகவே வையுங்கள். லேபிளை வெப்பத்தால் மட்டும் அச்சாகும் தாளில் எடுக்க வேண்டாம், மங்கிவிடும். ரிப்பன் போட்டு அச்சடித்தது நிற்கும்.

கேள்வி: நிர்வாகத் திறன் வகுப்பு நூலகருக்கு எதற்கு? இருப்புச் சரிபார்ப்பில் புத்தகம் குறைந்தால் சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம்தான் எங்களுக்குப் பெரிது. – வாசகி, ராயபுரம்

பதில்: அந்தப் பயம் நியாயமானது. அதற்கு மருந்தே அந்த வகுப்புதான். மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215 நூலகத்துக்கானது. 20,000 நூல் வரை ஆண்டுதோறும் முழுச் சரிபார்ப்பு. அதற்கு மேல் 50,000 வரை மூன்றாண்டுக்கு ஒரு முறையாவது. ஓராண்டில் இரவல் தந்ததும் எடுத்துப் படித்ததுமான ஆயிரம் நூலுக்கு ஐந்து நூல் வீதம் தொலைவதை, நேர்மையின்மையோ அலட்சியமோ காரணமில்லாதபோது, இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரணை உண்டு. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி. உங்கள் நிறுவனம் எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

'எடுத்துப் படித்தது' என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் நூலகத்திலேயே உட்கார்ந்து படித்துவிட்டுப் போகும் பகுதி உங்களுடையது. அந்த எண்ணிக்கை இரவல் பதிவேட்டில் ஏறுவதே இல்லை. சாயங்காலம் மூடும்முன் மேசைமேல் கிடக்கும் புத்தகங்களை அலமாரிக்கு அனுப்பாமல் முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கோஹாவில் 'ஸ்டாட்டிஸ்டிக்கல்' வகை உறுப்பினர் ஒருவரை உருவாக்கி அவர் பெயரில் அடித்தால், புத்தகம் இரவலில் போகாது. உள்ளே படித்த கணக்கு மட்டும் ஏறும். இரவல் 4,000, உள்ளே படித்தது 2,000 என்றால், இந்த விதிப்படி இயல்பான இழப்பு இருபதல்ல, முப்பது.