பாம்பன் பதில்கள்: கெர்னலுக்கு யார் சொல்வது?

இந்த மாதம் வந்த தபாலில் ஐந்து கேள்விகள் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன. இன்வெர்ட்டர் பேட்டரி, படகு ஜிபிஎஸ் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும். இன்னொன்று: எங்கள் துறைமுகத்தில் டிரைவர் என்றால் விசைப்படகு ஓட்டுகிறவர். கீழே வரும் டிரைவர் அவரல்ல. ஒரு சாதனத்தை இயக்கக் கெர்னலுக்குள் இருக்கும் நிரல். கெர்னல் என்பது லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் மைய நிரல்.

ஐயா, கல்லூரி புராஜெக்டுக்காக ஆர்ம் வகை பிராசஸர் வைத்த ஒரு போர்டில் லினக்ஸ் ஏற்றுகிறேன். அதன் டிவைஸ் ட்ரீ கோப்பில் ‘டிஎம்ஏ-கோஹெரன்ட்’ என்று ஒரு சொல் மட்டும் தனியாக நிற்கிறது. மதிப்பு எதுவும் இல்லை. வைத்தாலும் போர்டு பூட் ஆகிறது, எடுத்தாலும் ஆகிறது. அப்புறம் அது எதற்கு?
— கீழக்கரையிலிருந்து ஒரு மாணவி

என் மகள் வயது என்பதால் ஒருமையிலேயே எழுதுகிறேன். பூட் ஆவதை வைத்து எதையும் முடிவு செய்யாதேம்மா. அந்த ஒரு சொல்லால் நான் பதினொரு நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன்.

டிவைஸ் ட்ரீ என்பது போர்டில் என்னென்ன சாதனம் எப்படி இணைந்திருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு. முதலில் அந்தச் சொல் அதில் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பாம்பன் கரையில் மீன் ஏலம் பார்த்திருப்பாய். கணக்குப்பிள்ளை கையில் ஒரு துண்டு நோட்டு இருக்கும். பேரேடு கடையில் இருக்கும். ஏலத்தில் நிற்கும்போது அவர் துண்டு நோட்டைத்தான் பார்ப்பார், அதில்தான் எழுதுவார். ஓய்ந்த நேரத்தில் பேரேட்டில் ஏற்றுவார். இதற்கு நடுவில் முதலாளி கடைக்குள் போய் பேரேட்டிலேயே ஒரு தொகையைத் திருத்திவிட்டால்? கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது. பழைய தொகையையே சொல்லிக்கொண்டிருப்பார்.

பிராசஸர்தான் கணக்குப்பிள்ளை. துண்டு நோட்டு கேஷ், அதாவது பிராசஸர் கைப்பக்கம் வைத்திருக்கும் சின்ன, வேகமான நினைவகம். பேரேடு மெமரி. டிஎம்ஏ என்பது பிராசஸரைக் கேட்காமல் சாதனமே நேராக மெமரியில் எழுதுவது, அதாவது முதலாளி செய்த வேலை. சில சிப்களில் இதற்கென்றே ஒரு பையன் உண்டு: பேரேட்டில் யாராவது கைவைத்தால் ஓடிப்போய் நோட்டில் அந்த வரியை அடித்துவிடுவான். இதைத்தான் கோஹெரன்ட் என்கிறார்கள். பையன் இல்லாத சிப்பில் அந்த வேலையைக் கெர்னலே செய்ய வேண்டும். சாதனம் எழுதி முடித்ததும் நோட்டின் பழைய வரியைக் கிழிக்க வேண்டும். சாதனத்துக்குக் கொடுக்கும் முன் நோட்டில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்ற வேண்டும். நீ பார்த்த அந்தச் சொல், ‘இந்தச் சாதனத்துக்குப் பையன் இருக்கிறான், நீ சும்மா இரு’ என்று கெர்னலிடம் சொல்வது.

கெர்னல் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளாதா என்றால், முடியாது. யுஎஸ்பி சாதனத்தைச் செருகினால் ‘நீ யார்’ என்று கேட்கலாம், அது பதில் சொல்லும். ஆனால் ஒரு சிப்புக்குள் இந்தச் சாதனத்தின் கம்பி எந்த வழியாக மெமரிக்குப் போகிறது, கேஷை ஒட்டிப் போகிறதா ஒதுங்கிப் போகிறதா என்பதைக் கேட்க ஆளே கிடையாது. சாதாரண இன்டெல் லேப்டாப்பில் கிட்டத்தட்ட எல்லாமே கோஹெரன்ட் என்பதால் அங்கே வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் காதில் விழுந்தே இருக்காது. ஆர்மில் எழுதாவிட்டால் ‘பையன் இல்லை’ என்று கெர்னல் எடுத்துக்கொள்ளும். ரிஸ்க்-ஃபைவ் என்ற இன்னொரு பிராசஸர் வகையில் நேர்மாறு: ‘டிஎம்ஏ-நான்கோஹெரன்ட்’ என்று எழுதினால் ஒழிய, இருக்கிறான் என்றே எடுத்துக்கொள்ளும்.

சரி, பதினொரு நாள் கதை. நான் பெங்களூருவில் புது போர்டுகளை எழுப்பிவிடும் வேலையில் இருந்தேன். தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர் போர்டு அது. திரும்பி வரும் ஒலி எண்களாகி, டிஎம்ஏ வழியாக மெமரியில் விழும். ஒரு பெரிய தொட்டியில் வைத்துச் சோதித்தோம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, சமமான சிமெண்ட் தரையில், திரையில் ஒரு பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, முளைத்து மறைந்தது. எங்கள் அப்பா நாட்டுப்படகுக்காரர். எந்த இடத்தில் பார் இருக்கிறது என்று கரையின் பனைமரங்களை வைத்துச் சொல்வார். தொட்டிக்குள் பார் வராது என்பதற்கு அவரைக் கேட்க வேண்டியதில்லை.

ஒலிக்கருவியைச் சந்தேகப்பட்டோம், மாற்றினோம். கேபிளை மாற்றினோம். பவர் சப்ளையை மாற்றினோம். டிரைவரில் ஒரு பிரிண்ட் வரியைப் போட்டால் பார் மறைந்துவிடும், எடுத்தால் வந்துவிடும். பேய் வீடு மாதிரி. ஒன்பதாம் நாள் கச்சா எண்களை அப்படியே கோப்பில் இறக்கி, கெட்டுப்போன பகுதியின் நீளத்தை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக 64 பைட். தொடங்கும் முகவரியும் 64-ஆல் வகுபடுவது. அதற்குள் இருந்தவை குப்பை எண்களும் அல்ல. இதற்கு முந்தைய ஒலிக்கு வந்த எண்கள்.

அந்த பிராசஸரின் கேஷ் வரி, அதாவது கேஷ் ஒரே தடவையில் கையாளும் துண்டு, 64 பைட். வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால், அந்த டிவைஸ் ட்ரீயை இன்னொரு சிப்பின் கோப்பிலிருந்து நகல் எடுத்தது நான்தான். பழைய சிப்பில் அந்தச் சாதனத்துக்குப் பையன் இருந்தான். புதியதில் இல்லை. அந்த ஒரு சொல்லும் சேர்ந்து வந்துவிட்டது. நான் சும்மா இருக்கச் சொன்னேன், கெர்னல் சும்மா இருந்தது. பிரிண்ட் வரி போட்டபோது வேறு விஷயங்கள் கேஷில் ஏறி, பழைய வரிகள் தற்செயலாக வெளியே தள்ளப்பட்டன; அவ்வளவுதான் பேய். சொல்லை அழித்தோம், பார் போனது.

‘அப்படியானால் எடுத்துவிடுவதே பாதுகாப்பு’ என்று நினைத்துவிடாதே. பையன் இருக்கும் சிப்பில் அந்தச் சொல் இல்லாவிட்டால், கெர்னல் தேவையில்லாமல் கேஷைத் துடைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் வேகம்தான் குறையும். ஆனால் சில சிப்களில் பிராசஸர் கேஷை ஒதுக்கிவிட்டு நேராக மெமரிக்குப் போக, சாதனம் கேஷிலேயே பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் வேறு வேறு ஏட்டைப் படிப்பார்கள். அதுவும் கெடும். ஆகவே சிப்பின் கையேட்டில் உன் சாதனம் எந்த வழியாக மெமரியோடு இணைகிறது என்று பார். பார்த்த பிறகு ஒரு சின்னச் சோதனை செய்: பஃபரை, அதாவது சாதனம் எழுதும் மெமரி இடத்தை, பிராசஸரால் ஒருமுறை முழுதாகப் படி, அது கேஷில் ஏறும். உடனே சாதனத்தை அதே இடத்தில் எழுதவை. உடனே திரும்பப் படி. சின்ன பஃபராக வைத்துக்கொள். பெரியதென்றால் பழைய வரிகள் தானாக வெளியேறி உன்னை ஏமாற்றும்.

8 ஜிபி மெமரி உள்ள ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கணினி போர்டு வாங்கினேன். ‘பிராசஸருக்குத்தான் 8 ஜிபி, அதிலுள்ள பல சாதனங்களுக்கு முழுதும் கண்ணில் படாது’ என்கிறான் நண்பன். பொறாமையா, உண்மையா?
— தொண்டியிலிருந்து ஓர் இளைஞர்

இரண்டும் இருக்கலாம் தம்பி. உண்மை என்பது மட்டும் உறுதி. அந்த போர்டு 2019 ஜூனில் 4 ஜிபி வரைக்கும் வந்தது. 8 ஜிபி 2020 மே மாதம் வந்தது. ஆனால் அதன் சிப்புக்குள் பழைய தலைமுறையிலிருந்து அப்படியே கொண்டுவந்த சாதனங்கள் பல உண்டு. டிஎம்ஏவில் அவற்றின் கை முதல் 1 ஜிபி வரைதான் எட்டும். யுஎஸ்பி 3 சிப் தொங்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைக்கு, முதலில் வந்த சிப்களில், முதல் 3 ஜிபி.

இதைக் கெர்னலுக்குச் சொல்லும் வரியின் பெயர் ‘டிஎம்ஏ-ரேஞ்சஸ்’. இந்த பஸ்ஸில், அதாவது சாதனங்களை மெமரியோடு இணைக்கும் பாதையில், இருக்கும் சாதனம் ஒரு முகவரியைச் சொன்னால் மெமரியில் அது எங்கே, எவ்வளவு தூரம் வரை எட்டும் என்பதை அது சொல்கிறது. சாதனத்துக்கு எத்தனை பிட் முகவரி பேசத் தெரியும் என்பதை டிரைவர் தனியாகச் சொல்லும். இரண்டில் எது குறைவோ அதைக் கெர்னல் எடுத்துக்கொள்ளும்.

எட்டாத இடத்தில் இருக்கும் பஃபரை என்ன செய்வது? தொண்டிக்காரருக்கு இதை விளக்கவா வேண்டும்! பாக் நீரிணைப் பக்கம் கரையோரம் ஆழம் இல்லாத இடத்தில் விசைப்படகு வெளியிலேயே நிற்கும், வள்ளத்தில் மீனை ஏற்றிக் கரைக்குக் கொண்டுவருவார்கள். கெர்னலும் கீழ்ப்பகுதி மெமரியில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, அங்கே சாதனத்தை எழுதவிட்டு, பிறகு உண்மையான இடத்துக்கு நகல் எடுக்கும். பவுன்ஸ் பஃபர் என்பார்கள்; வழக்கமாக 64 எம்பி. வேலை நடக்கும், வள்ளத்துக் கூலி உண்டு. இந்த 1 ஜிபி எல்லைக்காகவே 64 பிட் ஆர்ம் கெர்னலில் தனி மெமரி மண்டலம் ஒன்று 5.5 பதிப்பில், 2020 ஜனவரியில் சேர்ந்தது. உங்கள் வேலைக்கு வித்தியாசம் தெரியாது. நண்பனை மன்னித்துவிடுங்கள்.

வன்பொருள் விவரத்தையெல்லாம் கெர்னலின் சி நிரலிலேயே எழுதிவிடலாமே? டிவைஸ் ட்ரீ என்று எதற்குத் தனிக் கோப்பு?
— இராமநாதபுரத்திலிருந்து ஓர் ஆசிரியர்

அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள் சார். ஆர்மில் போர்டுக்கு ஒரு சி கோப்பு. போர்டுகள் பெருகப் பெருகக் கோப்புகளும் பெருகின. 2011-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். அதன்பிறகு ஆர்ம் உலகம் டிவைஸ் ட்ரீ பக்கம் திரும்பியது. அது புதுச்சரக்கு அல்ல. சன் கணினிகளும் ஆப்பிளின் பவர்பிசி கணினிகளும் பயன்படுத்திய ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற பழைய முறையிலிருந்து வந்தது.

பாம்பன் கால்வாயைக் கடக்கும் கப்பலின் கேப்டன் எத்தனையோ கடல் பார்த்தவராக இருப்பார். இங்கே பாறை எங்கே, பாலம் எப்படித் திறக்கும் என்பதை உள்ளூர் ஆள் சொல்ல வேண்டும். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலம் இரண்டு கைகளாக விரிந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதியதில் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறுகிறது. பாலம் மாறியது என்று கப்பலைத் திருத்திக் கட்டுவதில்லை, தகவலை மாற்றினால் போதும்.

இதில் எனக்கொரு பிடிவாதம் உண்டு. அந்தக் கோப்பில் வன்பொருள் எப்படி இருக்கிறதோ அதை மட்டும் எழுத வேண்டும். டிரைவரில் ஒரு கோளாறு, இங்கே ஒரு வரியை மாற்றினால் ஓடுகிறது என்று பொய் எழுதுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடம் கழித்து டிரைவரை ஒருவர் நேராக்குவார். அன்றைக்கு அந்தப் பொய் வாயைத் திறக்கும். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

அண்ணே, நான் மண்டபத்துக்காரன், சென்னையில் நெட்வொர்க் டிரைவர் எழுதுகிறேன். மெமரியில் வேலைக் குறிப்பை எழுதி, பிறகு சாதனத்துக்குள் இருக்கும் ரெஜிஸ்டரில் எழுதி, வேலை வந்துவிட்டது என்று மணி அடிக்கிறேன். இன்டெல்லில் ஓடுகிறது. ஆர்மில் சாதனம் சில சமயம் பழைய குறிப்பையே எடுக்கிறது. கோஹெரன்ட் வரி சரியாக இருக்கிறது, சோதித்துவிட்டேன்.

வரி சரியென்றால் வரிசை தப்பு தம்பி. ரெஜிஸ்டரில் எழுத, ‘ரிலாக்ஸ்டு’ என்று பெயர் முடியும் ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருக்கிறாய் என்று பந்தயம் கட்டுகிறேன். இன்டெல்லில் சாதாரணமாக ஒன்றை எழுதிவிட்டு இன்னொன்றை எழுதினால் வெளியிலும் அதே வரிசையில் தெரியும். ஆர்மில் அந்த உத்தரவாதம் இல்லை. குறிப்பு போய்ச் சேரும் முன் மணி அடித்துவிடலாம். குறிப்புக்கும் மணிக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். கெர்னலின் சாதாரண ‘ரைட்எல்’ அந்தத் தடுப்பைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது, ரிலாக்ஸ்டு வைத்திருப்பதில்லை. முதலில் அதற்கு மாறிப் பார். குறிப்பிலேயே ‘இது இனி உன்னுடையது’ என்ற பிட் இருந்தால், குறிப்பின் மற்ற பகுதிகளை எழுதிவிட்டு, ‘டிஎம்ஏ-டபிள்யூஎம்பி’ என்ற தடுப்பைப் போட்டு, அந்த பிட்டைக் கடைசியில் எழுது.

இதை டிவைஸ் ட்ரீயில் எழுத இடமில்லை என்பதைக் கவனி. பிராசஸரின் வரிசைப் பழக்கம் கெர்னலின் ஆர்ம் பகுதிக்குள்ளேயே இருக்கிறது. டிரைவர் எழுதுகிறவர் எல்லாவற்றிலும் பலவீனமான பிராசஸரை மனதில் வைத்துத்தான் எழுத வேண்டும். 2018-இல் 4.17 பதிப்போடு, இந்த வரிசை விதிகளைக் கணக்காக எழுதி, கருவி வைத்துச் சோதிக்கும் மாதிரி ஒன்றும் கெர்னலோடு வருகிறது. ஆனால் அது பிராசஸர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைத்தான் சொல்கிறது, சாதனத்தோடு பேசுவதையல்ல. அதற்குக் கெர்னலின் மெமரி பேரியர் (தடுப்பு) ஆவணத்தைப் படி. ஒரே மூச்சில் முடியாது, நான் மூன்று மழைக்காலம் எடுத்துக்கொண்டேன்.

1 ஜிபி என்று சொல்லிக் கொடுத்த போர்டில் லினக்ஸ் 900 சொச்சம் எம்பிதான் காட்டுகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
— தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி

இல்லம்மா. கிராபிக்ஸுக்கோ, சிப்பில் இருக்கும் இன்னொரு குட்டி பிராசஸருக்கோ ஒரு பகுதியை ‘ரிசர்வ்ட்-மெமரி’ என்று ஒதுக்கியிருப்பார்கள். ‘நோ-மேப்’ என்றும் சேர்த்து எழுதியிருந்தால் கெர்னல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பிராசஸர் முன்கூட்டியே ஊகித்துப் படிக்கிற பழக்கத்தால்கூட அங்கே கைபட்டுவிடக் கூடாது என்பதற்காக. கெர்னலின் சொந்தச் சாமான்களும் கொஞ்சம் இடம் பிடிக்கும். கடைக்காரர் பாவம். 500 சொச்சம் காட்டினால் மட்டும் பில்லை எடுத்துக்கொண்டு போங்கள்.