அப்பாயியின் ஏழுகல் தோடு: வைரமா, மாத்தறைக் கல்லா?

பண்டாரவளையிலிருந்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "பெரிய கங்காணியாக இருந்த தாத்தா 1950களில் அப்பாயிக்கு வாங்கிக் கொடுத்த ஏழுகல் தோடு எங்களிடம் இருக்கிறது. கல் எதையும் இதுவரை மாற்றியதில்லை. ஒரு கடையில் அசல் வைரம் என்கிறார்கள். இன்னொரு கடையில் மாத்தறைக் கல் என்று சொல்லித் தங்கத்துக்கு மட்டும் விலை பேசுகிறார்கள். வைரத்தின் தரத்தையும் பெறுமதியையும் எப்படி அறிவது?"

தரத்தைப் பேசுவதற்கு முன் கல் எது என்பது தீர வேண்டும். பொகவந்தலாவைப் பக்கம் மாணிக்கக் குழியில் இறங்கியவர்களைக் கேட்டால் நீலம், புஷ்பராகம் என்று பல பெயர் சொல்வார்கள். வைரம் கண்டதாகச் சொல்ல மாட்டார்கள். 'மாத்தறை வைரம்' என்ற பெயரில் நெடுங்காலம் விற்கப்பட்டது நிறமற்ற சிர்கான் என்னும் வேறொரு கல். ஒளியை வண்ணங்களாகப் பிரித்துக் காட்டுவதில் அது வைரத்துக்கு மிக அருகில் நிற்பதால், கடை விளக்கில் மின்னுவதைப் பார்த்து எவரும் முடிவு சொல்ல இயலாது. கல் மாற்றப்படவில்லை என்ற உங்கள் குறிப்பு இங்கே பெரிதும் உதவுகிறது. வைரம் போலத் தோன்றும் செயற்கைக் கற்களான கியூபிக் சிர்கோனியா 1970களிலும், மொய்சனைட் 1990களின் பிற்பகுதியிலுமே நகைச் சந்தைக்கு வந்தன. ஆய்வுகூடத்தில் வளர்க்கும் வைரம் நகைக்கடைகளில் பரவியது அதற்கும் பின்னர். ஆகவே முக்கியமாகச் சந்தேகிக்க வேண்டியவை சிர்கான், வெள்ளை சஃபயர், கண்ணாடி போன்றவை.

பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் ஒன்றை ஆசாரியிடம் வாங்கி, கல்லின் மேல்முகம் வழியாகச் சற்றுச் சாய்த்து அடிப்பட்டைகளின் கோடுகளைப் பாருங்கள். ஒரு கோடு ரயில் தண்டவாளம் போல இரண்டாகத் தெரிந்தால் அது வைரமல்ல. சிர்கான் ஒளியை இரட்டையாக ஒடிப்பதால் அப்படித் தெரியும். அடுத்து, பட்டைகள் கூடும் விளிம்புகளைக் கவனியுங்கள். எழுபது ஆண்டுகள் காதில் கிடந்த சிர்கானின் விளிம்புகள் தேய்ந்து மழுங்கிச் சிறுசிறு சில்லுகள் போயிருக்கும். வைரத்தின் விளிம்போ பெரும்பாலும் கத்திமுனை போலவே நிற்கும். சூடு கடத்துவதை அளக்கும் பேனாக் கருவியை மட்டும் நம்பிவிட வேண்டாம். கல் சிறிதாக இருந்து முனை தங்கத்தில் பட்டுவிட்டால் அது தவறாகக் காட்டும்.

வைரம்தான் என்று உறுதியானால், எடை, நிறம், தெளிவு, வெட்டு என்ற நான்கையும் பார்க்க வேண்டும். எடையைச் சொல்லும் கரட் வேறு, தங்கத்தின் மாற்றைச் சொல்லும் கரட் வேறு. வைரத்தில் 1 கரட் என்பது 0.2 கிராம். கட்டிய கல்லைக் கழற்றாமலே தோராய எடை காணலாம். வட்டக் கல்லின் விட்டத்தை மில்லிமீற்றரில் அதனாலேயே பெருக்கி, அதை ஆழத்தால் பெருக்கி, வருவதை 0.0061ஆல் பெருக்குங்கள். 3 மி.மீ. விட்டமும் 1.8 மி.மீ. ஆழமும் உள்ள கல் ஏறத்தாழ 0.10 கரட் வரும். அந்தக் கணக்கில் இரு தோட்டிலும் உள்ள பதினான்கு கல்லும் சேர்ந்து 1.4 கரட் வந்தாலும், 1.4 கரட் ஒற்றைக் கல்லின் விலையை எவரும் தரமாட்டார்கள். கல் பெரிதாக ஆக ஒரு கரட்டுக்கான விலையும் ஏறும் என்பதே காரணம்.

நிறத்தை அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் வகுத்த டி முதல் இசட் வரையான வரிசையில் சொல்வார்கள். டி முற்றிலும் நிறமற்றது, கீழே போகப்போக மஞ்சள் ஏறும். இதைப் பார்ப்பதற்கு உங்கள் ஊரின் மூட்டமான காலை வெளிச்சம் கடையின் மஞ்சள் விளக்கைவிட எவ்வளவோ மேல். ஆனால் பழைய தோடுகளில் கல்லின் அடிப்பக்கம் மூடப்பட்டு, உள்ளே பளபளக்கும் தகடு வைத்திருப்பதுண்டு. அப்படிப்பட்ட கல்லின் நிறத்தைக் கழற்றாமல் சொல்பவர் ஊகிக்கிறார் என்றே கொள்ளுங்கள். அவ்வகைத் தோட்டைத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவவும் கூடாது, தகடு கறுத்துவிடும். 'புளூ ஜாகர்' என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்வது வெயிலில் நீலச்சாயல் காட்டும் கல்லை. தென்னாபிரிக்காவின் யாகர்ஸ்ஃபொன்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்த சொல் அது. இன்று அந்தப் பெயரைச் சொல்வதாலேயே விலை கூடிவிடாது.

தெளிவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இந்த அளவுக் கற்களில் வெறுங்கண்ணுக்குப் புள்ளியோ வெடிப்போ தெரியாதிருந்தால் போதும்.

வெட்டுதான் கல்லுக்கு உயிர் தருவது. மேலிருந்து விழும் ஒளியை அடிப்பட்டைகள் மீண்டும் மேலே திருப்பினால்தான் கல் ஒளிரும். ஆழம் குறைந்தாலும் கூடினாலும் ஒளி கீழ்வழியாகவோ பக்கவாட்டிலோ கசிந்து நடுவில் இருட்டாகத் தெரியும். பழைய கையால் வெட்டிய கற்கள் இன்றைய அளவுகோலில் பின்தங்கினாலும், பதினான்கும் ஒரே அளவிலும் நிறத்திலும் இருந்தால் தோட்டைச் சோடியாகவே விற்பது நல்லது. கல்லைப் பெயர்த்துத் தனித்தனியே விற்கச் சொல்லும் கடைக்கு அவசரப்பட்டு உடன்படாதீர்கள்.

இரண்டு கடைகளும் முரண்படும் நிலையில் மூன்றாவது கடைக்குப் போவதில் பயனில்லை. வாங்கும் எண்ணம் இல்லாதவரிடமே கேட்க வேண்டும். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் கொழும்புப் பரிசோதனைக் கூடத்தில் விசாரியுங்கள். எங்கே கொடுத்தாலும் தோட்டை இரு பக்கமும் படம் எடுத்துவிட்டு, மொத்த எடையையும் கற்களின் எண்ணிக்கையையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிய பிறகே கையை விட்டுக் கொடுங்கள்.